அவர் கழுத்துக்குள் ஒரு மலை

என் வீட்டுக்காரர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆன பிறகும் அவருக்கு வகுப்பு முடியவில்லை. முன்பு எதிரில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது நான் ஒருத்தி இருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். கத்தரிக்காய் வாங்கி வந்தால் அதற்கு ஒரு பாடம், கேஸ் சிலிண்டர் மாற்றினால் அதற்கு ஒரு பாடம். தூக்கத்தில்கூட யாரையோ பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணாமலையாரிடம் நான் கொடுத்து வைத்திருந்த மனு ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷனுக்கு ஒரு அரை மணி நேரமாவது வாயை அடைத்து வையுங்கள் என்று கேட்டிருந்தேன். அந்த மனு ஒரு நாள் காலையில் கவனிக்கப்பட்டது.

மனு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. நான் அந்த ஆபீசிலேயே மனு வாங்குகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமையானால் மாவட்டமே வரிசையில் நின்று ஆளுக்கொரு கதை சொல்லும். கேட்டுக் கேட்டு, யார் எதைச் சொன்னாலும் பாதிக்கு மேல் நம்பாத குணம் எனக்கு வந்துவிட்டது. வீட்டிலும் அதே குணம்தான். அன்றைக்கு அவர் தோசையைப் பிய்த்தபடி, சட்னியில் தேங்காய்க்கும் பொட்டுக்கடலைக்கும் இருக்கவேண்டிய விகிதத்தை விளக்க ஆரம்பித்தபோது, காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பேச்சு பாதியில் நின்றது. அதிசயமாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். வலது கையில் இருந்த தோசைத் துண்டு தட்டில் விழுந்து கிடந்தது. அவர் வாய் அசைந்தது, சத்தமும் வந்தது, ஆனால் அதில் வார்த்தை என்று எதுவும் இல்லை. உதடு ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. முதலில் என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணைப் பார்த்தேன். கிணற்றுக்குள் விழுந்தவன் மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

அந்தக் கருகல் வாசனையோடு நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் சரியாகிவிட்டது. "தேங்கா ஜாஸ்தியானா சீக்கிரம் ஊசிப்போயிடும்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை, தோசை தொண்டையில் மாட்டிக்கொண்டது என்றார். தோசை தொண்டையில் மாட்டினால் கை ஏன் தொங்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமி தவறாமல் என் வீட்டுக்காரரோடு கிரிவலம் சுற்றுகிறவர். விஷயம் கேள்விப்பட்டு உடனே வந்து, நாடி பிடித்துப் பார்க்காத குறையாகப் பார்த்து, வாயு என்று முடிவு சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் முழங்கால் வலியிலிருந்து மருமகளின் கோபம் வரைக்கும் காரணம் வாயுதான். ஓமத் தண்ணீர் குடித்தால் போதும் என்றார். அவருக்கே கழுத்து ரத்தக்குழாயில் எழுபது சதவீதம் அடைப்பு உண்டு. சென்னையில் மகன் வீட்டுக்குப் போனபோது முழு உடம்பு செக்கப்பில் கண்டுபிடித்தார்கள். அதை ஏதோ பட்டம் வாங்கினதுபோலச் சொல்லிக்கொண்டு திரிவார். "செவன்ட்டி பர்சென்ட் வெச்சுக்கினு பதினாலு கிலோமீட்டர் நடக்கிறேன்மா. உங்க வீட்டுக்காரருக்கு இன்னா வந்துடப் போவுது?" என்றார்.

அந்த எழுபது சதவீதக்காரரை ஓமத் தண்ணீரோடு அனுப்பிவிட்டு, இவரை நான் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்டார். ஒரு பக்கம் கேட்டுவிட்டு மறுபக்கம் ரொம்ப நேரம் கேட்டார். பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொல்லி, இன்றைக்கே கழுத்துக்கு ஸ்கேன் எடுங்கள் என்று அனுப்பினார்.

ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கர்ப்பிணிகள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்ற பெரிய போர்டுக்கு நேர் கீழே இவருக்கு நாற்காலி கிடைத்தது. எல்லாப் பெண்களும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார். வயிற்றை ஸ்கேன் செய்கிறவர்களுக்குச் சிறுநீர் முட்ட வேண்டும், அதற்காகக் குடிக்கிறார்கள். நமக்குக் கழுத்துக்குத்தான் என்று சொன்னேன். ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்தாக வேண்டும், அது ரூல் என்றார். வாழ்நாள் முழுக்க ரூல் போட்டே பழகியவர் ஒரு பெரிய பாட்டிலை வாங்கி, மடக் மடக்கென்று முழுசாகக் குடித்தார். கூப்பிடும் நேரத்துக்கு நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

ஸ்கேன் டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டிலில் படுக்க வைத்து, கழுத்தில் ஜெல்லியைத் தடவி, கையில் பிடித்த கருவியை அங்கே வைத்து மெதுவாக நகர்த்தினாள். ஆடாமல் இருங்க சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் எதற்காக ஆடுகிறார் என்று எனக்குத்தான் தெரியும். இயந்திரத்திலிருந்து உஸ் உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. திரையில் ரத்தக்குழாய் ஒரு ரோடு மாதிரி நீளமாகப் படுத்திருந்தது. அதன் நடுவே ஒரு மேடு. மேடு முழுக்கக் கருப்பு. உச்சியில் மட்டும் வெள்ளையாக ஒரு துளி, ஒவ்வொரு துடிப்புக்கும் படபடவென்று ஆடியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது மலையாகத்தான் தெரிந்தது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு எந்த மேட்டைப் பார்த்தாலும் அண்ணாமலையார் மலைதான். இலையில் சோற்றைக் குவித்தாலே கிழக்குக் கோபுரத்திலிருந்து மலையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். இங்கேயோ மலை மட்டும் இல்லை, உச்சியில் கார்த்திகை தீபமும் எரிகிறது. என் வீட்டுக்காரர் படுத்த வாக்கிலேயே, கழுத்தில் ஜெல்லி வழிய, திரையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதில் பக்தி எவ்வளவு, அந்தப் பாட்டில் தண்ணீர் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

டாக்டர் பெண் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எவ்வளவு பர்சென்ட் என்று இவர் கேட்டார். ஐம்பத்தைந்து என்றாள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைவிடக் கம்மி. ஐம்பத்தைந்து என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்கு அங்கேயே தைரியம் சொன்னார்.

"சார், எவ்ளோ அடைச்சிருக்குங்கிறது ஒரு பக்கம். அடைச்சிருக்கிறது எப்படிப்பட்டதுன்னு பாக்கணும்" என்றாள் அவள். "வெள்ளையா தெரிஞ்சா கெட்டியா இருக்குன்னு அர்த்தம், அது பாட்டுக்கு வருஷக்கணக்கா கிடக்கும். உங்களுது கருப்பு. உள்ள கொழகொழன்னு கொழுப்பு. மேல இருக்கிற தோலு கிழிஞ்சுபோச்சு. அந்த ஆடுதே வெள்ளையா, அது கிழிஞ்ச தோலு. காலையில அதுலேர்ந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கு, தானா கரைஞ்சிடுச்சு. அடுத்தது கரையும்னு சொல்ல முடியாது. போனா பேச்சு போயிடும், சார். நாளைக்கே வேலூர் போயிடுங்க."

பேச்சு போயிடும் என்ற வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். இவரோ அந்த வார்த்தையைக் காதிலேயே வாங்கவில்லை. வெளியூரில் இருக்கிற எங்கள் மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று பொய் சொல்லி, அந்தத் தீபம் ஆடுவதைத் தன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்ததும் கழிவறையைத் தேடி ஓடினார்.

அந்த வீடியோ அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. வாயு என்று சொன்ன அதே வாயால் அவர் ஈஸ்வரா என்றார். நாதஸ்வர இசையைச் சேர்த்து, பக்தரின் கழுத்தில் அண்ணாமலையார் ஜோதியாகக் காட்சி என்று எழுதி, பௌர்ணமி நடைக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று அவரே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். தன் எழுபது சதவீதத்தில் இப்படி எதுவும் தெரியவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. பாவம், அவருடையது வெறும் வெள்ளை. கெட்டியாக, ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. யாரும் கும்பிட மாட்டார்கள்.

மறுநாள் வேலூரில் பார்த்த சர்ஜன் அதிகம் பேசாதவர். ஸ்கேனைப் பார்த்தார், கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், உடனே அட்மிட் ஆகுங்கள் என்றார். "மலைய எப்படிங்க சார் வெட்டறது?" என்று இவர் கேட்டார். சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பௌர்ணமி வருகிறது, இத்தனை வருஷத்தில் ஒரு நடையும் விட்டதில்லை, சுற்றி முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று இவர் தவணை கேட்டார். ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்துதான் என்றார் சர்ஜன். சரி, மாற்றுத் துணியாவது எடுத்து வருகிறோம் என்று சொல்லி என்னையும் ஏமாற்றி ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். வந்ததும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், பௌர்ணமி முடியாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் கத்தினேன், கெஞ்சினேன், ரெண்டு வேளை சமைக்காமலும் இருந்து பார்த்தேன். கடைசியில் அவருக்குப் புரிகிற மாதிரி கேட்டேன். "மலை மேல எரிஞ்சா தீபம். அதே நெருப்பு பறந்து வந்து நம்ம வீட்டு மேல விழுந்தா கும்பிட்டுக்கினு நிப்பீங்களா, தண்ணி ஊத்துவீங்களா?" அது வேற, இது வேற என்றார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் ஸ்டெப் எங்கே, ஸ்டெப் எங்கே என்று கேட்டவர், ஒரு ஸ்டெப்பும் போடாமல் விடையை மட்டும் சொன்னார்.

அதற்குள் வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள். முதலில் தெருக்காரர்கள், பிறகு டவுனிலிருந்து, பிறகு மலைக்கு அந்தப் பக்கத்து அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தே வந்தார்கள். தேங்காய் பழத்தோடு வந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் கனமான ரோஜா மாலையைக் கொண்டுவந்து, நேராக அந்தக் கழுத்திலேயே போட்டார். நான் பாய்ந்து போய் அதைக் கழற்றினேன். மாலையைக் கழற்றியவள் என்று வந்திருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கழுத்துக்குக் காவலாக அவர் பக்கத்திலேயே நின்றேன். தள்ளி நின்னு கும்பிடுங்க, தொடாதீங்க, நகருங்க, நகருங்க. கோயிலில் இப்படிச் சொல்கிறவர்களை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர்கள் கஷ்டம் புரிந்தது.

வந்தவர்கள் சும்மா கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. பட்டா மாறவில்லை, மகளுக்கு வரன் அமையவில்லை, பேரனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று இவரிடம் குறை சொன்னார்கள். திங்கட்கிழமை என்னிடம் வருகிற அதே ஆட்கள், அதே குறை. என்னிடம் தலைக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கும். இவரோ உட்கார வைத்து, மலையின் உயரத்தைத் தரையிலிருந்தே கோணம் வைத்து எப்படி அளப்பது என்பதிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசி அனுப்பினார். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருக்கு இது பக்தியே இல்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த மனுஷன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் கிடையாது. மகன் போனில் ம் ம் என்பான். நான் தோசை திருப்புவேன். இப்போது ஊரே வந்து உட்கார்ந்து கேட்கிறது. அந்தக் கருப்பு மேடு கழுத்தில் இருக்கிற வரைக்கும்தான் கேட்கும், வெட்டி எடுத்துவிட்டால் மறுபடியும் பழைய கணக்கு வாத்தியார். பேச்சைக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகப் பேச்சையே பணயம் வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. அவர் குளிக்கப் போய், தண்ணீர் ஊற்றும் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன். அரிச்சந்திரன் மாதிரி உள்ளேயிருந்து உண்மையை மட்டும் சொல்வார். சோப்பு போடுகிறேன் என்பார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம். கூடம் நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர் நடுவில் நின்று, நாளைக்கு இவரை முன்னால் நடக்க விட்டு நாமெல்லாம் பின்னால் போவோம் என்று ஏற்பாடு பேசிக்கொண்டிருந்தார். காபி போட நான் உள்ளே போனேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு அம்மாள், சந்தனத்தைக் குழைத்து வந்து, அவர் கழுத்தில் கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறாள். அவரும் பேச்சை நிறுத்தாமல் கழுத்தை வாகாகச் சாய்த்துக் கொடுத்திருக்கிறார்.

உள்ளே எனக்கு அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முக்கோணம், நிழல், உயரம். திடீரென்று நின்றது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். வலது கை நாற்காலியிலிருந்து வழுக்கித் தொங்கியது. உதடு கோணியது. வாயிலிருந்து அதே அர்த்தமில்லாத சத்தம். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து கையைக் குவித்துவிட்டார்கள். "சாமி வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் முன்னால் வந்து தரையில் விழுந்து, மகள் கல்யாணம் எப்போது நடக்கும் சாமி என்று கேட்டார். இவர் மறுபடியும் என்னவோ முனகினார். தை மாசம் என்கிறார், தை மாசம் என்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கம் சொன்னார்.

கற்பூரப் புகைக்கு அந்தப் பக்கம் இவர் கண் என்னைத் தேடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற அதே பார்வை. "சாமியும் இல்ல பூதமும் இல்ல, ஸ்ட்ரோக்கு. வழி விடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் குலவை நின்றது. ஒருவரும் நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கிட்ட வந்து இவர் முகத்தைப் பார்த்தார். கோணிய உதட்டில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. பார்த்தவர் ஓடிப்போய்த் தன் காரை எடுத்து வந்தார். என்ன இருந்தாலும் மனுஷன் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

இந்தத் தடவை சீக்கிரம் சரியாகவில்லை. பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுங்க, ஏதாவது பேசுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வெயிலில் தார் ரோடு பளபளத்தது. போளூர் தாண்டிய பிறகுதான் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சின்னப் பிள்ளை மாதிரி குழறிக் குழறிப் பேசினார்.

"எல்லாம் கேட்டுச்சுடி. எனக்கு எல்லாமே தெரிஞ்சுது. கற்பூரம் காட்டினாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "காப்பாத்துங்கன்னுதான் சொன்னேன். தை மாசம்னு சொல்லிட்டாங்க."

முன்னால் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியின் வேகத்தை இன்னும் கூட்டினார். அதற்குப் பிறகு வேலூர் வரைக்கும் மலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும், வெட்டி எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார்கள். மறுநாள் மத்தியானம் சர்ஜன் அப்படி ஒரு தட்டோடு வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். என் காதில் விழுந்தது அது ஒன்றுதான், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் தட்டைப் பார்த்தேன். விரல் நுனி அளவுக்கு மஞ்சளாக என்னவோ. பழைய நெய்யில் ரத்தக்கட்டி கலந்ததுபோலக் கொழகொழப்பாக இருந்தது. ஒரு ஓரத்தில் உடைந்த கட்டி மாதிரி வாய் பிளந்திருந்தது, அங்கே ஒரு தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கற்பூரம் காட்டியதும் மாலை போட்டதும் இதற்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் செல்போனைப் பையிலிருந்து பாதி எடுத்தவர், பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தன்னுடையதையும் ஒருதடவை திரும்ப ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா என்று சர்ஜனைத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டு. நர்ஸ் அவரை நாக்கை நீட்டச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், வலது கையைத் தூக்கச் சொன்னாள். செய்தார். உங்க பேரு சொல்லுங்க என்றாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேரு கூட தெரியாமலா கழுத்தை அறுத்தீங்க?" என்றார்.

நர்ஸ் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எதிரில் அழுதால் அதற்கும் ஒரு பாடம் எடுப்பார் என்று வெளியே வந்து, அங்கே இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அழுதேன்.

மறுநாள் பௌர்ணமி முடிந்திருந்தது. ஊர் வழக்கம்போல மலையைச் சுற்றிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஒருவரும் போன் செய்து கேட்கவில்லை. குரூப்பில் அதற்குள் யார் வீட்டுப் பூசணிக்காயிலோ பிள்ளையார் தெரிந்திருந்தார். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், சர்ஜன் காட்டினாராமே, எப்படி இருந்தது, மலை மாதிரி இருந்ததா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "மலையும் இல்ல மடுவும் இல்லங்க. சாக்கடையில அடைச்சிருக்குமே, அந்த மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரஞ்சை உரித்து முடித்தேன். அப்போதும் பேசவில்லை. சுளையை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து போய் அவர் உதட்டைப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. வலது கையைப் பிடித்தேன்.

"ஏங்க, பேசுங்க" என்றேன். "ஏதாவது பேசுங்க, பயமா இருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு கேக்கறாங்க?" என்றார்.

"நான் கேக்கறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐம்பத்தைந்து சதவீதம் என்று சொன்னார்களே, அது விட்டத்தை வைத்து வந்த கணக்கு, பரப்பை வைத்துப் பார்த்தால் வேறு கணக்கு வரும் என்று ஆரம்பித்தார். போர்வை மேல் விரலால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆரஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டேன். நடுவில் நர்ஸ் வந்து, சார் இவ்வளவு பேசக்கூடாது என்றாள். பேசட்டும் விடும்மா என்றேன். அண்ணாமலையாரிடம் கொடுத்து வைத்திருந்த அந்தப் பழைய மனுவை, அங்கே உட்கார்ந்தபடியே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.